உடன்பிறந்தவர்களாகக் கருதப்படுவார்கள்

பதிவாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். எதிரே நின்ற ஜோடியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்தக் கல்யாணத்தைப் பதிய முடியாதுங்க. நீங்க ரெண்டு பேரும் கூடப் பிறந்தவங்க" என்றார்.

பஸ் டிரைவர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். அங்கே நின்றது சந்தேகமில்லாமல் அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண்தான். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அவளை எல்லோரும் எக்ஸ்ரே என்றே கூப்பிடுவார்கள். எதிரில் இருப்பவன் மனசுக்குள் மறைத்து வைத்திருப்பதைப் பட்டென்று வெளியே எடுத்துப் போட்டுவிடும் பழக்கமும் அவளுக்கு உண்டு என்பதால் அந்தப் பெயர் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

"சார், எங்க அப்பா அம்மா வேற, இவ அப்பா அம்மா வேற. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு ஆறே ஓடுது" என்றான் டிரைவர்.

"அதெல்லாம் இயற்கை. நான் சட்டத்தைச் சொல்றேன். உங்க அக்கா யாரைக் கட்டியிருக்காங்க?"

"இவ அண்ணனை."

"அப்புறம் என்ன?" பதிவாளர் ஒரு கனத்த புத்தகத்தை இழுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, தோத்திரம் சொல்வது மாதிரி படித்தார். "'ஒருவரை ஒருவர் மணந்த இருவருடைய உடன்பிறந்தவர்கள், அந்த மணம் நடந்த நாள் முதல் தங்களுக்குள்ளும் உடன்பிறந்தவர்களாகவே கருதப்படுவார்கள்.' கருதப்படுவார்கள்னா நான் கருதித்தான் ஆகணும். எனக்கு மட்டும் ஆசையா?"

"அப்ப நான் இவருக்கு அக்காவா, தங்கச்சியா?" என்று கேட்டாள் எக்ஸ்ரே.

"வயசைப் பொறுத்தது."

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் கதை கட்டுகிறேன் என்பீர்கள். தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் சட்டசபையில் ஒரு பெரிய மனிதர் இருந்தார். அவருடைய தம்பி, அவருடைய மனைவியின் தங்கையையே கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். ஒரே மாமனார் வீட்டு ஆட்களை இரண்டு கல்யாணத்திலும் சகித்துக்கொள்ள வேண்டுமே என்று பெரிய மனிதர் அதைத் தடுக்கப் பார்த்தார். மனைவியிடம் வாய் திறக்கத் தைரியமில்லை. சபைக்குப் போய்ச் சட்டமாகக் கொண்டுவந்துவிட்டார். வீட்டில் சொல்லப் பயப்படுவதை நாட்டுக்கே சொல்வது அன்றைக்கு வழக்கம். இன்றைக்கும் பெரிய மாறுதல் இல்லை.

பதிவாளர் நல்ல மனுஷர். "மனசைத் தளர விடாதீங்க. இந்தச் சட்டம் பரிசீலனையில இருக்கு. சட்டச் சீராய்வு ஆணையத்துல போய்க் கேளுங்க" என்று சொல்லி அனுப்பிவைத்தார். எத்தனையோ ஜோடிகளை அங்கே அனுப்பியதாகவும், ஒருவர்கூடத் திரும்பி வந்து தன்னைத் தொந்தரவு செய்ததில்லை என்றும் சொன்னார்.

ஆணையத்தின் கட்டடம் டிரைவருக்குத் தெரிந்ததுதான். அவன் ஓட்டுகிற பஸ் கடைசியாக வந்து திரும்புகிற இடமே அதன் வாசல். டீ குடிக்கவும் கால் நீட்டவும் வருஷக்கணக்காக அங்கேதான் வண்டியை நிறுத்துகிறான். அந்தக் கட்டடத்துக்குள் யாரும் அவசரமாகப் போய் அவன் பார்த்ததில்லை. வெளியே வருகிறவர்கள் முகத்தில் நன்றாகத் தூங்கி எழுந்த தெளிவு இருக்கும். அதனால் அது ஏதோ மியூசியம் என்று நினைத்திருந்தான். அவன் நினைப்பு முழுக்கத் தப்பு என்று சொல்லிவிட முடியாது.

மறுநாள் வண்டியை நிறுத்திவிட்டு, காக்கிச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான். கூடம் முழுக்க நீல அட்டை போட்ட அறிக்கைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஒரு கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க ஒரு அறிக்கையை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அது கதவுகளின் பாதுகாப்பு பற்றிய அறிக்கை.

ஆணையத்தின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. எதைப் பேசினாலும் இரண்டு கைகளையும் தராசுத் தட்டு மாதிரி ஏற்றி இறக்கிக்கொண்டுதான் பேசுவார். டிரைவரை உட்காரவைத்து, அவன் வாயைத் திறக்கும் முன்பே ஆரம்பித்தார்.

"தம்பி, முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். இது சுதந்திரமான அமைப்பு. அரசாங்கம் எங்களைக் கட்டுப்படுத்த முடியாது. நாங்களும் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்த முடியாது. மக்கள் எங்களைக் கேள்வி கேக்க முடியாது. நாங்க மக்களைக் கேக்கலாம், ஆனா அவங்க சொல்ற பதிலை நாங்க எடுத்துக்கணும்னு இல்ல. எந்தப் பக்கமும் பிடிமானமே இல்லாம ஒரு அமைப்பை இத்தனை காலம் அந்தரத்துல நிறுத்தி வெச்சிருக்கோமே, சாதாரண விஷயமா?"

"இல்லைங்க" என்றான் டிரைவர்.

"நாங்க குடுத்த அறிக்கைகள்ல ஒண்ணைக்கூட எந்த அரசாங்கமும் இது வரைக்கும் ஏத்துக்கிட்டதில்ல. எங்க சுதந்திரத்துக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?" சொல்லும்போதே தலைவரின் கண் கலங்கிவிட்டது.

"சார், என் கல்யாணம்..."

"அந்த வார்த்தை வேண்டாம். அது முடிவை முன்கூட்டியே தீர்மானிக்கிற வார்த்தை. 'உத்தேச நிகழ்வு'ன்னு சொல்லுங்க."

மேற்கொண்டு விஷயத்தைச் செயலர் அம்மா விளக்கினார். பொறுமையே உருவானவர். முதலில் தொடக்கத் தாள் வரும். அதில் கேள்விகள் மட்டும் இருக்கும். அடுத்தது கலந்தாய்வுத் தாள். அதில் அந்தக் கேள்விகளைப் பற்றிய கேள்விகள் இருக்கும். அப்புறம் இடைக்கால அறிக்கை, அதற்கப்புறம் இறுதிக்கு முந்தைய அறிக்கை, அப்புறம் இறுதி அறிக்கை.

"அத்தோட முடிஞ்சுதாம்மா?"

"அதுக்கப்புறம்தான் பின்னிணைப்பு" என்றார் செயலர் அம்மா.

இப்போது விஷயம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டான். 'அக்கா' என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்களாம். இரட்டைப் பிள்ளைகளில் முன்னால் பிறந்தவள் அக்காதானா, இல்லை அவசரக்காரி மட்டும்தானா என்பதில் உறுப்பினர்களுக்குள் கருத்து வேறுபாடு. அதைத் தீர்த்துக்கொள்ள அவர்கள் கூட்டமாக வெளிநாடு போயிருந்தார்கள். குளிர் அதிகமில்லாத, கடற்கரை உள்ள நாடுகளாகப் பார்த்துப் போய், அங்கேயும் அக்காக்கள் இருக்கிறார்கள் என்பதை நேரில் உறுதி செய்துகொண்டு திரும்பியிருந்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் எக்ஸ்ரே காத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"என்ன ஆச்சுங்க, அண்ணா?" என்றாள்.

"அடியே, அப்படிக் கூப்பிடாத."

"சட்டப்படிதானே கூப்பிடறேன்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் அவள் கண் வேறு பக்கம் போய்விட்டதை டிரைவர் கவனித்தான். அவளுக்கு இந்தக் கல்யாணம் வேண்டும். ரொம்ப வேண்டும். அவனுக்கும் அப்படித்தான். இந்தக் கதையில் வேறு பெரிய விஷயம் எதுவும் கிடையாது.

வருஷம் ஒன்று ஓடியது. டிரைவர் விடாக்கண்டன். பஸ்ஸைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்து, "நம்ம விஷயம்?" என்பான். "நகர்ந்துக்கிட்டிருக்கு" என்பார் செயலர் அம்மா. கடைசியில் ஒருநாள் மக்களின் கருத்தை நேரில் கேட்கும் கூட்டம் என்று அறிவித்தார்கள். அறிவிப்பை ஆணையத்தின் உள்பக்கச் சுவரில் ஒட்டினார்கள். கூட்டத்தன்று பெரிய மண்டபத்தில் வரிசை வரிசையாக நாற்காலி போட்டு, மைக் வைத்து, தண்ணீர் பாட்டில் வைத்து, தலைவரும் உறுப்பினர்களும் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே டிரைவர் மட்டும் இருந்தான்.

"மக்கள் எங்கே?" என்றார் தலைவர்.

"வெளியே இருக்காங்க சார்."

"மக்கள் வராம மக்கள் கருத்தை எப்படிக் கேக்கறது? கூட்டத்தைத் தள்ளி வைக்க வேண்டியதுதான்."

தள்ளி வைத்தால் மறு தேதி எந்த ஜென்மத்தில் வருமோ. டிரைவர் ஒரே ஓட்டமாக வெளியே போய் வண்டியைக் கிளப்பினான். ஒரு சுற்றுப் போய் வந்தான். வழியில் ஏறியவர்களைக் கடைசி நிறுத்தத்தில் இறக்கி, "உள்ள ஏசி இருக்கு, தண்ணி பாட்டில் இலவசம்" என்றான். பஸ் முழுக்கக் காலியாகி மண்டபம் நிரம்பியது. காய்கறிப் பை வைத்திருந்தவர், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டிருந்தவள், பல் வலியோடு டாக்டரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஒரு மீசைக்காரர், எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். இன்ன விஷயம் என்று சொன்னதும், "இதென்னங்க கூத்து, கட்டிக்கட்டுமே" என்றார்கள் ஒரே குரலில். பல்வலிக்காரர் பேச முடியாமல் கையை மட்டும் தூக்கினார். அதையும் ஆதரவாகக் குறித்துக்கொண்டார்கள்.

டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் தலைவரின் முகம் வாடிவிட்டது.

"இது ரொம்பக் கவலைக்குரிய நிலைமை" என்றார். இடது கை தாழ்ந்தது. வலது கை வெறுமனே காற்றில் நின்றது. "எல்லாரும் ஒரே பக்கமா இருக்காங்க. எதிர்க் கருத்தே இல்லாத ஒரு விஷயத்துல நாங்க எப்படி நடுநிலையா இருக்க முடியும்? ரெண்டு கரை இருந்தாத்தானே நடுவுல நிக்க முடியும்? ஒருத்தராவது எதிர்த்துப் பேசணும். அது வரைக்கும் இந்த விஷயத்தை நாங்க தொட முடியாது."

"எதிர்க்கறவங்களை யார் சார் கொண்டு வரணும்?"

"யாருக்கு அவசரமோ, அவங்கதான்."

ஆக, தன் கல்யாணத்தை எதிர்க்க ஆள் தேடிக் கிளம்பினான் டிரைவர். உலகத்தில் வேறு எந்த மாப்பிள்ளைக்கும் இந்தக் கதி வந்திருக்காது. பணிமனையில் கூட வேலை பார்க்கிறவர்களைக் கேட்டான். கல்யாணச் சாப்பாட்டை இழக்க யாரும் தயாராக இல்லை. மாடிவீட்டுக்காரர் எதற்கெடுத்தாலும் எதிர்ப்புச் சொல்கிற மனுஷர், குழாயில் தண்ணீர் வந்தாலும் சண்டை, வராவிட்டாலும் சண்டை, அவரைக் கேட்டதும், "நல்ல காரியத்துக்கு நான் குறுக்க நிப்பேனாப்பா?" என்று உருகிவிட்டார். எக்ஸ்ரேயைக் கட்டிக்கொள்ள ஒரு காலத்தில் ஆசைப்பட்ட ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடமும் வெட்கத்தை விட்டுப் போய் நின்றான். கம்பவுண்டருக்கு இப்போது வேறு இடத்தில் கல்யாணமாகியிருந்தது. அவர் டிரைவரின் தோளைத் தட்டி, "நான் ஏன் எதிர்க்கணும்? நீங்களும்தான் பட்டுப் பாருங்களேன்" என்றார்.

கடைசியில் அக்கா வீட்டில் போய்ச் சோர்ந்து உட்கார்ந்தான். அக்கா சலவைக்கடை நடத்துகிறவள். எந்தச் சட்டையைக் கொடுத்தாலும் முதலில் கறை எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பாள். மனிதர்களையும் அப்படித்தான். அவள் கணவன், அதாவது டிரைவருக்கு மச்சான், எக்ஸ்ரேக்கு அண்ணன், திரைச்சீலைக் கடையில் விற்பனையாளர். ஜன்னலே இல்லாத வீட்டுக்காரனுக்குக்கூட ஜன்னல் திரை விற்கக்கூடிய வாய். அந்த வாய்க்கு ஏற்ற மேடை கிடைக்கவில்லை என்பதுதான் அவருடைய வாழ்நாள் குறை.

விஷயத்தைக் கேட்டதும் மச்சான் எழுந்து நின்றார். "நான் எதிர்க்கறேன்" என்றார்.

"உங்களுக்கு இதுல சம்மதம்தானே மச்சான்?"

"முழு சம்மதம். அதனாலதான் எதிர்க்கறேன்."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "தம்பி, வேணாம்டா. இவர் கையில மைக்கைக் குடுத்தா திருப்பி வாங்க முடியாது."

டிரைவர் கேட்கவில்லை. அவனுக்கு வேறு வழியும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் மச்சான் பேசியதை ஆணையத்தில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். மைக்கை ஒரு தட்டுத் தட்டி, திரையை உதறி விரிக்கிற மாதிரி கையை விரித்தார்.

"பெரியவங்களே! இந்தச் சட்டம் போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பார்த்தீங்களா? நான் என் பொண்டாட்டியை ஒரு வார்த்தை திட்டறேன்னு வெச்சுக்குங்க. அவ தம்பிக்குக் கோவம் வரும். வந்தா அவன் போய் என் தங்கச்சியைத் திட்டுவான். அந்தப் பயத்துல நான் என் பொண்டாட்டியைத் திட்ட மாட்டேன். நான் திட்டலைன்னா அவனும் திட்ட மாட்டான். ரெண்டு வீட்டுலயும் யாரும் யாரையும் திட்ட முடியாம, குடும்பம்ங்கற அமைப்பே நிம்மதியில ஊறி அழுகிப் போயிடும்! இதுக்கா நம்ம முன்னோர்கள் சட்டம் போட்டாங்க?"

மேடையில் இருந்தவர்கள் மெய்மறந்து கை தட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த டிரைவருக்கே ஒரு நிமிஷம் இந்தக் கல்யாணம் ஆபத்தானதுதானோ என்று தோன்றிவிட்டது. எக்ஸ்ரே அவன் விலாவில் இடித்தாள்.

தலைவர் எழுந்து வந்து மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருந்தோம். நீங்க சொல்றதை நீங்களே நம்பலைன்னு எங்களுக்குத் தெரியுது. இந்த விலகி நிக்கற மனசு எல்லாருக்கும் வராது. ஆணையத்துல ஒரு இடம் காலியா இருக்கு."

மச்சான் உறுப்பினர் ஆனார். அன்றோடு அக்கா வீட்டில் நிம்மதி போயிற்று. குழம்பில் உப்புச் சரியா என்று கேட்டால், "இதுல ரெண்டு பார்வை இருக்கு" என்பார். "ரெண்டும் இருக்கட்டும், குப்பையை எப்ப வெளிய வைப்பீங்க?" என்பாள் அக்கா. "அது இன்னும் பரிந்துரை நிலையிலதான் இருக்கு" என்பார். தூக்கத்தில்கூட இரண்டு கைகளும் ஏறி ஏறி இறங்கின.

இது அக்காவின் கஷ்டம். டிரைவருக்கு வந்தது வேறு. மச்சான் உறுப்பினர் ஆகிவிட்டதால், சொந்தத் தங்கையின் விஷயம் எடுக்கப்படும்போது அவர் அறையில் இருக்கக் கூடாது. இருந்தால் நடுநிலை கெட்டுவிடும். அவர் வெளியே போனாலோ, கூட்டம் நடத்த ஆள் போதாது. அவர் உள்ளே வந்தால் விஷயத்தை மூட வேண்டும். விஷயத்தைத் திறந்தால் அவர் வெளியே போக வேண்டும். போனால் கூட்டத்தைக் கலைக்க வேண்டும். டிரைவர் பார்க்கப் பார்க்க மச்சான் அந்தக் கதவு வழியாக உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தார். பல கூட்டங்கள் இப்படியே போயின.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அதைத் தன் வாழ்நாள் சாதனை என்று அவர் பின்னால் சொல்லிக்கொண்டதுண்டு. மச்சான் அறைக்குள்ளேயே இருப்பார். ஆனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருப்பார். உடம்பு எண்ணிக்கையில் சேரும், கவனம் சேராது. பஞ்சு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கச் செயலர் அம்மா அவ்வப்போது பின்னால் போய், "உறுப்பினரே, வீட்டுல உங்க மனைவி கூப்பிடறாங்க" என்று மெல்லச் சொல்லிப் பார்ப்பார். மச்சான் அசையமாட்டார். அதற்குப் பஞ்சு தேவையில்லை என்பது அக்காவுக்குத் தெரியும்.

ஒருவழியாக இறுதி அறிக்கை வந்தது. சட்டத்தை நீக்கலாம் என்று பரிந்துரை. தலைவர் அதை அரசாங்கத்துக்கு அனுப்பிவிட்டு, வழக்கம்போல நீல அட்டை போடச் சொல்லிக் கூடத்தில் இடமும் ஒதுக்கிவிட்டார்.

அப்போதுதான் அந்தப் பேரிடி விழுந்தது. அரசாங்கம் அறிக்கையை ஏற்றுக்கொண்டது. சபை கூடியிருந்த நேரம். நிறைவேற்ற ஒன்றும் இல்லை. யாருக்கும் வலிக்காத சட்டமாக ஏதாவது தேடியிருக்கிறார்கள், இது கையில் அகப்பட்டிருக்கிறது. ஒரே நாளில் நிறைவேற்றிவிட்டார்கள்.

நன்றி சொல்லப் போன டிரைவர், ஆணையம் இழவு வீடாக இருப்பதைப் பார்த்தான். தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். தராசுத் தட்டு இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதை அன்றுதான் அவன் பார்த்தான்.

"இத்தனை வருஷம் கட்டிக் காப்பாத்தின சுதந்திரம், ஒரே நாள்ல போச்சே. நாம சொன்னதைக் கேட்டுட்டாங்களே! இனிமே யார் நம்மை மதிப்பாங்க? எங்க தப்புப் பண்ணினோம்?" என்றார்.

செயலர் அம்மா அறிக்கையைப் புரட்டிவிட்டு, ஒரு வரியில் விரல் வைத்து, "இங்க ஒரு வாக்கியம் புரியற மாதிரி எழுதியிருக்கு சார்" என்றார்.

டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்து, எக்ஸ்ரேயைக் கூட்டிக்கொண்டு, பயணிகளோடு பஸ்ஸையே நேரே பதிவு அலுவலகத்துக்கு விட்டான். அக்காவும் மச்சானும் கூட வந்தார்கள். எக்ஸ்ரே நீலப் புடவை கட்டியிருந்தாள். அவ்வளவு அழகாக அவளை அவன் பார்த்ததே இல்லை.

பதிவாளர் புதுச் சட்டத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

"சட்டம் மாறிடுச்சுங்க. நல்ல சட்டம். இனிமே யாரும் இப்படிக் கஷ்டப்பட வேண்டியதில்ல" என்றார். "ஆனா கடைசியில ஒரு பிரிவு இருக்கு. 'இச்சட்டம் வருவதற்கு முன்பே ஏற்பட்டுவிட்ட உறவுகள், அவற்றுக்குக் காரணமான மணம் நிலைத்திருக்கும் வரை, எவ்விதக் குறைவுமின்றிப் பாதுகாக்கப்படும்.' இனிமே நடக்கற கல்யாணத்தால யாரும் யாருக்கும் அண்ணன் தங்கச்சி ஆக மாட்டாங்க. ஏற்கெனவே ஆனவங்க..." அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நீங்க பாதுகாக்கப்பட்டிருக்கீங்க."

"நல்லா எழுதியிருக்காங்கல்ல அந்தப் பிரிவை?" என்றார் மச்சான் பின்னாலிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் எழுதினதுதான். சுவரைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருந்தேனா, 'வழக்கமான பாதுகாப்புப் பிரிவு ஒண்ணு எழுதுங்க'ன்னு ஒரு சீட்டு வந்துச்சு. ரெண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். எல்லாரும் பாராட்டினாங்க."

"எந்தச் சட்டத்துக்குன்னு கேக்கலையா அண்ணே நீ?" என்றாள் எக்ஸ்ரே.

"கேக்கக் கூடாதும்மா. கேட்டா நடுநிலை கெட்டுடும். அதுக்குத்தானே காதுல பஞ்சு?" சொல்லிக்கொண்டே வந்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் அப்படியே திறந்தபடி நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயில் வார்த்தை இல்லாமல் அக்கா பார்ப்பது அதுதான் முதல் தடவை.

டிரைவர் சுவரோரமிருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். ஊருக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டு, திறந்தவனை மட்டும் வெளியே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். அவனுக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. எக்ஸ்ரே பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கேலி செய்ய அவளுக்கும் தெம்பில்லை. "போகட்டும்ங்க. பேப்பர்ல என்ன இருந்தா என்ன?" என்றாள். ஆனால் அந்தப் பேப்பருக்காகத்தான் புடவை கட்டி வந்திருக்கிறாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அக்கா மட்டும் மேஜை முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். கறை எங்கே என்று பார்க்கிற பார்வை.

"அந்தப் பிரிவை இன்னொரு தரம் படிங்க" என்றாள்.

பதிவாளர் படித்தார்.

"'மணம் நிலைத்திருக்கும் வரை'ன்னா இருக்கு?"

"ஆமாங்க."

"அது என் கல்யாணம்தானே? நிலைச்சிருக்கலைன்னா?"

பதிவாளர் யோசித்தார். "உங்க கல்யாணம் ரத்தானா, இவங்க உறவும் போயிடும். இவங்க கட்டிக்கலாம். பழைய சட்டத்துல நீங்க பிரிஞ்சு இவங்க கட்டிக்கிட்டிருந்தா, அப்புறம் நீங்க ரெண்டு பேரும் மறுபடி சேரவே முடியாது, நீங்களும் கூடப் பிறந்தவங்க ஆகியிருப்பீங்க. இப்ப அந்தக் கஷ்டம் இல்ல. நீங்க பிரிஞ்சு, இவங்க கட்டிக்கிட்டு, அதுக்கப்புறம் நீங்களும் மறுபடி கட்டிக்கலாம். புதுச் சட்டப்படி யாரும் யாருக்கும் ஒண்ணும் ஆக மாட்டீங்க."

"விவாகரத்து வாங்க எவ்வளவு காலம் ஆகும்?"

"எதிர் மேஜைதான். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. ஆணையம் இன்னும் கை வைக்காத சட்டம்ங்க அது, அதனால வேலை செய்யுது."

"வாங்க" என்று மச்சானின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அக்கா எதிர் மேஜைக்குப் போனாள்.

மச்சான் தடுமாறினார். "இதைக் கொஞ்சம் ஆற அமர..."

"கையெழுத்துப் போடறீங்களா, இல்ல உங்க தங்கச்சி முகத்தைப் பார்த்து நீங்களே பேசறீங்களா?"

மச்சான் தங்கையைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். போடுவதற்கு முன்னால் அக்காவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அதையும் சொல்ல வேண்டும், அவர் கெட்டவர் இல்லை. டிரைவர் ஓடி வந்து, "அக்கா, எனக்காக நீ..." என்று ஆரம்பித்தான். "நீ போய் வரிசையில நில்லுடா. பெரிய மனுஷங்க விஷயத்துல தலையிடாத" என்று விரட்டினாள்.

பிறகு இந்தப் பக்கம் மேஜையில் டிரைவரும் எக்ஸ்ரேயும் கையெழுத்துப் போட்டார்கள். பதிவாளர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் டிரைவருக்கு அந்நியராகிப் போன மச்சான், இப்போது பெண்டாட்டியின் அண்ணனாக, மறுபடி மச்சானாகிவிட்டார். எக்ஸ்ரே சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். அவன் முத்திரை ஈரம் காயாத பேப்பரை வாங்கி அவள் கையில் கொடுத்தான். வெளியே அவன் பஸ்ஸில் காத்திருந்த பயணிகள் ஹாரனை அழுத்திக் கொண்டாடினார்கள்.

"அடுத்தது?" என்றார் பதிவாளர், முத்திரையை மறுபடி மையில் ஒற்றிக்கொண்டே.

மச்சான் தலையை வாரிக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் இடம் விட்டு நின்றார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. அக்கா கதவருகே நின்று கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு தெளிவு. இவ்வளவு சின்ன வயசுக்காரி என்பது டிரைவருக்கே மறந்து போயிருந்தது.

"வாம்மா, முத்திரை காய்ஞ்சிடும்" என்றார் மச்சான்.

"காயட்டும்."

"அப்ப நம்ம கல்யாணம்?"

அக்கா அவரைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தாள்.

"முதல் தடவை வீட்டுல பார்த்துக் கட்டி வெச்சாங்க. யாரும் என்னைக் கேக்கல. இந்தத் தடவை நானே பார்த்து முடிவு பண்றேன்" என்று சொல்லிவிட்டுத் தம்பியின் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோர இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.